‘நியமனம்’ என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், ஆஸ்திரேலிய மாநிலங்கள் விசாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது எந்தெந்தத் தொழில்துறைகளுக்கு முன்னுரிமை தருகின்றன என்று ஒரு செய்தி வந்திருந்தது. கட்டுமானம், மருத்துவம், கல்வி, காற்றாலை, சூரிய மின்சாரம் என்று பட்டியல். அதற்கு மேலே கொட்டை எழுத்தில், ‘ஸ்டேட் நாமினேஷன்’ என்பதற்குத் தமிழாக, ‘மாநில நியமனம்’ என்று தலைப்பு. அதைக் கத்தரித்து, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் பதினொரு பேர் என் கடைப் படி ஏறிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளி, தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. முப்பது வருடமாகிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் தேர்வு தேறியவள். முதலில் ரெமிங்டன் இயந்திரம், இப்போது கணினி. பட்டா மாறுதல் மனு, வாடகை ஒப்பந்தம், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் என்று வந்துகொண்டிருந்த கடைக்கு, பத்து வருடமாக வெளிநாட்டு விண்ணப்பங்களும் வருகின்றன. நான் விசா முகவர் இல்லை. அடித்துக் கொடுப்பவள். ஆனால் அடிக்கிற கை படிக்கவும் செய்யும் அல்லவா?

வந்த பதினொரு பேரில் மானூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது: “அக்கா, நியமனம் வந்துவிட்டதாம். எந்தத் தேதியில் சேர வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.” அவர் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் சிரிக்கவில்லை. தவறு அவர் பேரில் இல்லை. நம் ஊரில் நியமனம் என்றால் ஆசிரியர் நியமனம், கிராம உதவியாளர் நியமனம், கருணை அடிப்படையில் நியமனம். உத்தரவு கையில் வந்தாயிற்று, சம்பளம் ஓடப் போகிறது என்று பொருள். வங்கிப் படிவத்தில் நாமினியை ‘நியமனதாரர்’ என்று அச்சடித்திருப்பார்கள். தங்கள் செய்தியாளர் அங்கிருந்து எடுத்திருக்கலாம். தேர்தலில் இதே நாமினேஷனை வேட்புமனு என்கிறோம். ஆஸ்திரேலிய விஷயத்தில் இரண்டுமே பொருந்தாது. ‘பரிந்துரை’ என்று போட்டிருந்தால் அந்தத் தம்பி வேலையை விட்டிருக்க மாட்டார்.

நடப்பது இவ்வளவுதான். விசா தருவது அந்த நாட்டின் மத்திய அரசு. வயது, ஆங்கிலம், படிப்பு, அனுபவம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். குறைந்தது 65 வேண்டும். ‘இவர் எங்களுக்குத் தேவை’ என்று ஒரு மாநிலம் பரிந்துரைத்தால் மதிப்பெண் கூடும். 190 என்ற விசாவுக்கு 5, 491 என்ற விசாவுக்கு 15. எந்தத் துறைக்காரரின் விண்ணப்பத்தை முதலில் கையில் எடுப்பது என்று அந்தந்த மாநிலம் தீர்மானித்துக்கொள்வதைத்தான் முன்னுரிமை என்கிறார்கள். அதில் வேலை இல்லை, சம்பளம் இல்லை, முதலாளி இல்லை. ஜூலை முதல் தேதி அங்கே புதுக் கணக்கு ஆண்டு பிறக்கும்போது பட்டியலும் மாறலாம். 2024-25 ஆண்டுக்கு மொத்தக் குடியேற்றத் திட்டம் 1,85,000 இடங்கள். அதில் மாநிலப் பரிந்துரைக்கு 33,000, வட்டாரப் பிரிவுக்கு 33,000. உலகம் முழுவதற்கும் சேர்த்து, கூடப் போகும் மனைவி மக்களையும் சேர்த்து.

491 கொஞ்சம் வேடிக்கையானது. ஐந்து வருட விசா. ‘வட்டாரப் பகுதி’ என்று அவர்கள் குறித்திருக்கும் இடத்தில் மூன்று வருடம் இருந்து, வேலை பார்த்து, வரிக் கணக்குக் காட்டினால் பிறகு நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு வழி. வட்டாரப் பகுதி என்றதும் நம் பிள்ளைகள் ஆடு மேய்க்கிற பொட்டல்காடு என்று பயந்துவிடுகிறார்கள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் கழித்தால் மீதி எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். பெர்த், அடிலெய்டு போன்ற மாநிலத் தலைநகரங்கள் கூட! திருநெல்வேலி சந்திப்பைப் பட்டிக்காடு என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

துறை வேறு, தொழிற்பெயர் வேறு. இதையும் தங்கள் செய்தி சொல்லவில்லை. ‘மரபுசாரா எரிசக்தித் துறையில் இருக்கிறேன்’ என்று சொன்னால் அங்கே யாரும் கதவு திறப்பதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. முதல்தர வெல்டர் 322313. பொது எலக்ட்ரீசியன் 341111. அந்த எண்ணுக்குள் உங்கள் வேலை அடங்குகிறதா என்று அதற்கென்றுள்ள மதிப்பீட்டு அமைப்பு முதலில் பார்க்க வேண்டும். பணகுடியில் காற்றாலைக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி இறங்கிய தம்பி ஒருவர், ‘காற்றாலைப் பணியாளர்’ என்று மட்டும் போட்டு மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேபிள் மாற்றினேன், பேனல் பார்த்தேன் என்றார். அதை எழுதுங்கள் தம்பி என்றேன்.

செய்தியிலிருந்த பட்டியலைப் படித்தபோது எனக்கு நம் ஜில்லாவைப் படிப்பது போலவே இருந்தது. கங்கைகொண்டானில் சூரிய மின்தகடு செய்கிறார்கள். கூடங்குளத்தில் இரண்டு உலைகள் தலைக்கு ஆயிரம் மெகாவாட் ஓடுகின்றன. இன்னும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூடம், எழுந்தால் ஒரு நர்சிங் மாணவி. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த பிள்ளைகள் எந்த நாட்டுக் குழாயையும் ஒட்டிவிடுவார்கள். சிக்ஸ் ஜி, ஆர்கான் என்று அவர்கள் பேசும்போது எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஆளைப் பார்த்தால் தெரியும், முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள்.

பிறகு ஏன் பதினொரு பேரில் ஒருவருக்கும் விண்ணப்பத்தை முழுதாக அடித்து முடிக்க என்னால் முடியவில்லை? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

“எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள்?” என்றால் எட்டு வருடம், ஒன்பது வருடம் என்பார்கள். “சம்பளச் சீட்டு?” இல்லை. “வங்கியில் வந்ததா?” சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுப்பார்கள். “பி.எஃப்.?” பிடிக்கவில்லை. “வேலையில் சேர்ந்தபோது கடிதம் கொடுத்தார்களா?” இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒப்பந்ததாரர் அண்ணாச்சி தெரிந்தவர், அப்பாவோடு பழகியவர், நாளையிலிருந்து வா என்றார், போனேன். இதில் கடிதம் எங்கே வரும்?

அந்த மானூர்த் தம்பிக்கும் இதே கதை. எட்டு வருட உழைப்பில் ஒரு நியமனக் கடிதத்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவர், தாளில் ‘நியமனம்’ என்று பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

முக்கூடலிலிருந்து தாயும் மகனுமாக வந்தார்கள். மகன் வெல்டர், கையில் ஐ.டி.ஐ. சான்றிதழ் ஒன்றுதான். அந்த அம்மாள் பேச்சோடு பேச்சாகத் தன் மஞ்சள் பையை அவிழ்த்து, “இது எதற்காவது ஆகுமா பாருங்கள் தாயி” என்று எடுத்து வைத்தார். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. பி.எஃப். கணக்கு எண். எந்தக் கம்பெனி, எந்தக் கடை, எந்த வருடத்திலிருந்து என்று எல்லாம் முத்திரையோடு. திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் இலை வெட்டிச் சுற்றிய பெண்ணிடம் முப்பது வருட உழைப்புக்கு அத்தாட்சி இருக்கிறது. தொழிற்சாலைக்குள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நின்ற மகனிடம் இல்லை. பீடிக்காரர்களுக்கு 1966-இல் தனிச் சட்டம் வந்தது, 1976-இல் நலநிதிச் சட்டம், 1977-இல் பி.எஃப். இதற்காக எத்தனை பேர் தெருவில் நின்றார்கள் என்று என்னைவிட மேலப்பாளையத்துக்காரர்களும் ஆலங்குளத்துக்காரர்களும் நன்றாகச் சொல்வார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளிலேயே ஒப்பந்ததாரர் வேலை அட்டை தர வேண்டும், சம்பளச் சீட்டு தர வேண்டும், வேலை முடிந்து போகிறவனுக்குப் பணிச் சான்று தர வேண்டும் என்று படிவ எண்ணோடு இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்கச் சொல்கிறது. ‘நியமனம்’ என்ற சொல்லைத் தாங்கள் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் தாழ்மையான எண்ணம்.

இனிச் சொல்லப் போவது என் குற்றம். பெயர் எதுவும் சொல்ல மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வெல்டர் வந்தார். வயது 29. வளைகுடாவில் ஐந்து வருடம் வேலை பார்த்ததற்குச் சுத்தமான சான்றிதழ் இருந்தது. அதை வைத்தே தொழில் மதிப்பீட்டில் தேறிவிட்டார். அதற்கு முன் மூன்று வருடம் இங்கே இரும்புக் கொட்டகை போடும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலை. அதற்கு ஒன்றுமில்லை. கணக்கு இப்படி: வயதுக்கு 30, தொழிற்படிப்புக்கு 10, மணமாகாதவர் என்பதால் 10, ஆங்கிலத்தில் ஆறுதான் வந்தது, அதற்கு மதிப்பெண் கிடையாது. ஐந்து வருட அனுபவத்துக்கு 10, எட்டு வருடமென்றால் 15. மாநிலப் பரிந்துரையின் 15-ஐச் சேர்த்தால் ஐந்து வருடக் கணக்கில் 75, எட்டு வருடக் கணக்கில் 80. ஆகக் குறைவது ஐந்தே ஐந்து. போட்டியில் முந்த அந்த ஐந்து வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒப்பந்ததாரரின் கடிதத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி அடித்துக்கொண்டு வரச் சொன்னார்” என்றார். அடித்துக் கொடுத்தேன். கையெழுத்து யார் போடுவார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் கணக்கு எழுதும் சினேகிதன் போட்டிருக்கிறான்.

நான்கு மாதம் கழித்து, விசா தரப்பிலிருந்து விசாரித்து ஒப்பந்ததாரருக்குத் தொலைபேசி வந்தது. அவர் சொன்ன பதில், “அப்படி ஒரு ஆள் என்னிடம் வேலையே பார்க்கவில்லை.” அந்தப் பையன் அவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தவன்தான். தீபாவளிக்கு வேட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பார்த்தான் என்று ஒப்புக்கொண்டால் பேரேட்டில் ஏன் இல்லை என்று வரும். இருபது பேர் இருந்தாலே பி.எஃப். கட்ட வேண்டும், அவரிடம் நாற்பது பேர், ஏட்டில் பன்னிரண்டு பேர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய டெண்டர் காகிதங்களையும் நான்தான் அடித்துக் கொடுப்பேன்.

பொய்க் காகிதம் கொடுத்ததாக விசா மறுக்கப்பட்டது. அவர்கள் சட்டப்படி அதற்கு மூன்று வருடத் தடை. இந்த ஆண்டு தடை முடிகிறது. பையனுக்கு இப்போது முப்பத்து மூன்று. 32 வயது வரைதான் 30 மதிப்பெண். 33 பிறந்தால் 25. எந்த ஐந்துக்காக அதைச் செய்தானோ அந்த ஐந்தும் போயிற்று. செய்த வேலை உண்மை, அதற்குத் தந்த தாள் பொய். அதற்குப் பிறகு, சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் அனுபவச் சான்று எதையும் நான் அடிப்பதில்லை. பாதிப்பேர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

காகிதத்தின் மேல் எனக்கு இருக்கும் பித்தைப் பார்த்து என் மகள் கேலி செய்வாள். என் தாத்தாவும் ஆச்சியும் இலங்கைத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1948-இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று தாள் காட்டச் சொன்னார்களாம். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் தாள் எழுதி வைத்தார்கள்? அழைத்துப் போன கங்காணி எழுதவில்லை, வேலை வாங்கிய துரையும் எழுதவில்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு தகரப் பெட்டியோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஆச்சி சாகும்வரை அந்தப் பெட்டியில் பழைய ரசீது ஒன்றைக்கூடக் கிழிக்க விட மாட்டாள்.

பெயர்ப் பிரச்சினையைப் பற்றி எழுதத் தொடங்கினால் தங்களுக்கு இடம் போதாது. ஐ.டி.ஐ. சான்றிதழில் எஸ். சண்முகம். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராகிவிட்டது. ஆதாரில் சண்முகத்தின் ஆங்கில எழுத்துக் கூட்டலே வேறு. மூன்று சண்முகமும் ஒருவர்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்குவதற்கே இரண்டு நாள் ஆகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது தங்களுக்குத் தெரியும். ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியே தண்ணீர் நின்றது. என் கடையில் மேசை மட்டத்துக்கு ஏறி, நகல் இயந்திரம் போயிற்று. வடிந்த பிறகு வந்த கூட்டத்தை மறக்க முடியாது. ஊறிப்போன மதிப்பெண் பட்டியல்களை அப்பளம் போலக் காய வைத்துக்கொண்டு வந்தார்கள். தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம் போட்டது. அப்போதே நினைத்தேன், தொலைந்த தாளுக்கு முகாம் உண்டு, கொடுக்கவே படாத தாளுக்கு எங்கே போவது?

தொழிலாளர் துறை அதற்கும் ஒரு முகாம் போடலாம். இந்த வட்டாரத்து ஒப்பந்ததாரர்களையும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, இத்தனை வருடம் இன்ன வேலை பார்த்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கித் தரட்டும். பழைய பி.எஃப். பாக்கிக்குப் பயந்துதான் அண்ணாச்சிமார்கள் ஓடுகிறார்கள். அதற்குத் தவணை கொடுத்தால் பாதிப்பேர் வருவார்கள் என்பது நான் அவர்களோடு பழகிய பழக்கத்தில் சொல்வது. இருக்கிற நல்ல ஆளையும் சீமைக்கு அனுப்பிவிட்டால் இங்கே யார் வேலை செய்வது என்று ஓர் அண்ணாச்சி என்னிடமே கேட்டார். சம்பளச் சீட்டு கொடுத்துப் பாருங்கள், பாதிப் பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள் என்றேன். அதே தாள்தான் வங்கிக் கடனுக்கும் கேட்கிறார்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கும் அதே தாள்தான். பதில் சொல்லாமல் டெண்டர் நகலை வாங்கிக்கொண்டு போனார். காசு இன்னும் தரவில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த முறை இந்தச் செய்தியைப் போடும்போது ‘பரிந்துரை’ என்று போடுங்கள். பக்கத்திலேயே ஒரு சிறு கட்டம் கட்டி, என்னென்ன தாள் வேண்டும் என்றும் போடுங்கள்: வேலையில் சேர்ந்த தேதி, செய்த வேலையின் விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் வங்கியில் ஏறிய கணக்கு, கையெழுத்திட்டவரின் பதவியும் தொலைபேசி எண்ணும். ஐ.டி.ஐ.யில் இந்த வருடம் சேரும் பிள்ளை அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டால், அவனுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது.

மானூர்த் தம்பி மறுபடி பழைய இடத்திலேயே வேலை கேட்டுச் சேர்ந்துவிட்டார். இந்த முறை கடிதம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். அண்ணாச்சி யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

இப்படிக்கு,
கொக்கிரகுளம் தட்டச்சுக் கடைக்காரி,
திருநெல்வேலி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு விசா வாங்கித் தரும்படி யாரும் என் கடைக்கு வர வேண்டாம். நகல் எடுக்க வரலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.